கேட்க மறந்த கேள்வி

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும் காலம் மகிழ்ச்சியான காலம். மைதானத்திற் சுண்ணாம்புக் கோடுகள் இடப்படும். இல்லங்கள் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை எனக் கோலங்கொள்ளும். பெற்றோர் குடைகளுடன் வந்து வேலியோரத்தில் நிற்பர். ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் ஆசிரியர் கைத்துப்பாக்கியை வானோக்கி உயர்த்தி வெற்று வெடி தீர்ப்பார், பிள்ளைகள் பாய்ந்தோடுவர். அந்த ஒலியில் அஞ்சத்தக்கது ஏதும் உண்டென்று நான் நெடுங்காலம் எண்ணியதில்லை.

போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின் நடைபெற்ற ஒரு போட்டியை நான் மறப்பதற்கில்லை. எங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை நெடுநாட் குடிப்பழக்கமுடையவர். சிகிச்சை நிலையமொன்றிற் சில மாதங்கள் தங்கித் தெளிந்த முகத்தோடு திரும்பியிருந்தார். மகளின் ஓட்டத்தைக் காணவேண்டுமென்று காலையிலேயே வந்து முன்வரிசையில் இடம்பிடித்து நின்றார். முதல் வெடி தீர்ந்தது. அவர் நின்ற இடத்தைவிட்டுச் சற்றே விலகினார். இரண்டாவது வெடி தீர்ந்தது. வாயிலைக் கடந்து வெளியேறினார். மாலையில் அவரை வீதியோரத்தில் மதுமயக்கத்திற் கண்டவர்கள் என்னிடம் வந்து கூறினர். மறுநாள் அவரை அழைத்து, மனவுறுதியைப் பற்றியும், குடும்பப் பொறுப்பைப் பற்றியும், பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றியும் நீண்டதோர் உபதேசம் செய்தேன். அவர் தலைகுனிந்து கேட்டிருந்தார். ‘மகள் ஓடியதை நான் காணவில்லை, ஐயா’ என்ற ஒரு வார்த்தையன்றி வேறெதுவும் அவர் வாயினின்று வரவில்லை.

சில கிழமைகளின் பின்னரே அவருடைய மனைவி வாயிலாக உண்மையை அறிந்தேன். போரின் இறுதிக் காலத்தில் அவருடைய தம்பி அவரருகே நின்றபோதே துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். குடி பெருகியது அதன் பின்னர். சிகிச்சை நிலையத்தில் எவ்வளவு குடித்தீர், எத்தனை ஆண்டு குடித்தீர் என்று அவரைக் கேட்டிருக்கின்றார்கள். ஏன் குடித்தீர் என்று நானும் கேட்டேன். ஆனால் விடையை எதிர்பாராமற் கேட்டேன். துப்பாக்கியைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்வியைப் பற்றியே நேயர்களுடன் இன்று பேச விழைகின்றேன்.

போதைப்பழக்கத்தினின்று மீள முயல்வோரிடையே துப்பாக்கியின் வன்முறையை அறிந்தோர் நால்வகையினர். தாமே சுடப்பட்டுப் பிழைத்தோர் ஒருவகையினர். பிறர் சுடப்படுவதைக் கண்ணாற் கண்டோர் மற்றொரு வகையினர். தம் உறவினரையோ நண்பரையோ துப்பாக்கிக்குப் பறிகொடுத்தோர் மூன்றாம் வகையினர். யாதொரு காயமும் இன்றி, நாள்தோறும் அவ்வொலியைக் கேட்டுக் கதவடைத்து வாழ்வோர் நான்காம் வகையினர். முதல் வகையினரின் காயத்தை வைத்தியர் காண்பர். ஏனைய மூவகையினரின் காயம், கேட்டாலன்றிப் புலப்படாது.

துப்பாக்கியும் போதைவஸ்துவும் ஒருங்கே பெருகி, இவ்விரண்டின் உறவும் மிகுதியாக ஆராயப்பட்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆதலின் முதலில் அந்நாட்டின் அனுபவத்தைக் கண்டு, பின்னர் நம்மிடம் திரும்புவோம்.

2023 ஆம் ஆண்டில் அங்கு போதைவஸ்துவை அளவுமீறி உட்கொண்டமையால் ஏறத்தாழ 105,000 பேர் மாண்டனர். 2024 இல் இத்தொகை 80,000 அளவுக்குக் குறைந்தது. துப்பாக்கியினால் 2023 இல் மாண்டோர் 46,000 பேருக்கு மேற்பட்டோர். அவருட் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர். இவ்விரு தொகைகளும் இருவேறு தலைப்புகளின் கீழ் எழுதப்படுகின்றன. ஆயின் ஒரு தொகையில் அடங்கியவரும் மற்றைத் தொகையில் அடங்கியவரும் ஒரே தெருவில், சிலவேளை ஒரே வீட்டில் வாழ்ந்தவராயிருத்தல் உண்டு.

பிலடெல்பியா நகரத்தின் கென்சிங்டன் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒருகாலத்தில் அது நெசவாலைகளுக்குப் பேர்பெற்றிருந்தது. ஆலைகள் மூடப்பட்டன, தொழில் அகன்றது, தொழில் அகன்ற இடத்தில் ஹெரோயின் வாணிகம் குடிபுகுந்தது. பின்னர் ஹெரோயினைக் காட்டிலும் பன்மடங்கு வலிமை வாய்ந்த பெந்தனைல் வந்தது. அங்குள்ள மக்பர்சன் சதுக்க நூல்நிலையத்தின் பணியாளர்கள், புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அதே கைகளால், மூச்சடங்கிக் கிடந்தோருக்கு நலொக்சோன் என்னும் மாற்று மருந்தைச் செலுத்தி உயிர்காத்த செய்தி 2017 ஆம் ஆண்டிற் பத்திரிகைகளில் வந்தது. அதே நகரத்தில் 2021 ஆம் ஆண்டில் 562 பேர் கொலையுண்டனர். அவருட் பெரும்பாலோர் துப்பாக்கிக்கு இரையானவர்கள். அதன் பின்னர் இத்தொகை பெரிதும் குறைந்து, 2024 இல் 300 க்குங் கீழே வந்தது. எனினும், ஒரு நகரத்தின் தொகை குறைந்தவுடன் ஒரு மனிதனின் நினைவும் குறைந்துவிடும் என்று கூறவியலாது.

போதைவஸ்து வாணிகத்தோடு துப்பாக்கி ஏன் சேர்ந்துவருகின்றது? போல் கோல்ட்ஸ்டீன் என்னும் ஆராய்ச்சியாளர் 1985 ஆம் ஆண்டில் இதனை மூன்றாக வகுத்துக் காட்டினார். போதைவஸ்து மூளையைக் கலக்குவதால் எழும் வன்முறை ஒன்று. அதனை வாங்கப் பணந்தேடிச் செய்யும் வன்முறை மற்றொன்று. வாணிகத்தின் இயல்பிலிருந்தே எழும் வன்முறை மூன்றாவது. இம்மூன்றாவது கூர்ந்து நோக்கத்தக்கது. நெல் வியாபாரி தனக்குக் கடன்பட்டவனை நீதிமன்றுக்கு இழுக்கலாம். போதைவஸ்து வியாபாரிக்கு நீதிமன்றம் இல்லை. கடனை வசூலிக்கவும், சந்தியைப் பிடித்து வைத்திருக்கவும், எதிரியை விலக்கவும் அவன் துப்பாக்கியையே நம்புகின்றான். 1980 களின் நடுப்பகுதியில் கிராக் எனப்படும் கொக்கெயின் வகை அமெரிக்க நகரங்களுக்குள் வந்தபோது, அதனை விற்பதற்கு இளைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களுக்கு அஞ்சி, வாணிகத்தோடு தொடர்பில்லாத அயல் இளைஞரும் துப்பாக்கி தேடினர். சிறு சச்சரவுகளும் கொலையில் முடிந்தன. குற்றவியல் அறிஞர் அல்பிரட் புளூம்ஸ்டீன் 1990 களில் இவ்வாறே விளக்கினார்.

ஆகவே போதைவஸ்துவை வாங்கச் செல்பவன், அதனை உட்கொள்வதால் வரும் கேட்டை மட்டுமன்றி, அது விற்கப்படும் இடத்தின் கேட்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றான். பழக்கத்தை விட்டொழித்த பின்னரும் இரண்டாவது கேடு அவனைவிட்டு உடனே நீங்குவதில்லை.

சிலருடைய வாழ்வில் துப்பாக்கி முந்தி வருகின்றது. போதை பிந்தி வருகின்றது. இதனை விளங்கிக்கொள்ளச் சிறுபராயத்தை நோக்க வேண்டும். கலிபோர்ணியா மாநிலத்தின் சான் டியேகோ நகரிலே வின்சென்ட் பெலிட்டி, ரொபர்ட் அண்டா என்னும் வைத்தியர்கள் வளர்ந்தோரிடம் அவர்களது பிள்ளைப்பராயத் துன்பங்களைக் கேட்டறிந்து 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. நால்வகைத் துன்பங்களை அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அனுபவித்தவர்களிடையே குடிப்பழக்கம், போதைவஸ்துப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து, அவற்றில் ஒன்றையும் அனுபவியாதோரைக் காட்டிலும் 4 மடங்கு தொடக்கம் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது.

அப்பெரிய ஆராய்ச்சி பெரும்பாலும் வீட்டினுள்ளே நிகழ்ந்தவற்றையே கேட்டது; வீதியிற் கண்டதைக் கேட்கவில்லை. பின்னர் பிலடெல்பியாவில் நடைபெற்ற விரிவான ஆராய்ச்சியொன்று, விடுபட்ட வினாவையும் சேர்த்துக்கொண்டது. வளரும் பருவத்தில் ஒருவர் அடிக்கப்படுவதையோ, குத்தப்படுவதையோ, சுடப்படுவதையோ கண்டதுண்டா, கேட்டதுண்டா என்று வினாவியபோது, நூற்றுக்கு 40 பேர் உண்டென்றனர். கேள்வி எழும்வரை அந்த 40 பேரும் எந்தக் கணக்கிலும் இல்லை.

இனி, துப்பாக்கியொலி ஒரு மனிதனைப் போதைக்குள் எவ்வாறு தள்ளுகின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். அபாயத்தைக் கண்டால் இதயம் படபடத்தலும், மூச்சு விரைதலும், உடம்பு ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாதலும் இயற்கை. அபாயம் நீங்கினால் இவையும் அடங்க வேண்டும். அடங்காமல், மாதங்களும் ஆண்டுகளும் கடந்த பின்னரும் சிறு சத்தத்துக்கே உடல் அதிர்வதும், உறக்கம் கெடுவதும், கண்ட காட்சி கனவிலும் நனவிலும் திரும்ப வருவதும் சிலருக்கு நேர்கின்றது. நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு என நாம் வழங்கும் இந்நிலையை அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1980 ஆம் ஆண்டிலே தனது நோய்வகைநூலிற் சேர்த்துக்கொண்டது.

இவ்வாறு உறக்கமிழந்தவனுக்கு மதுவும் அபினின் வழிவந்த மருந்துகளும் சிறிது நேரம் அமைதியைத் தருகின்றன. மூளையில் அபாயமணி அடிக்கும் பகுதியை அவை தணித்துவிடுகின்றன. எட்வேர்ட் கன்ற்சியன் என்னும் மனநல வைத்தியர் 1985 ஆம் ஆண்டிற் கூறிய கருத்து இதுவே: பலர் இன்பத்தை நாடிப் போதையை அடைவதில்லை, பொறுக்கவியலாத வேதனைக்குத் தாமே மருந்திட்டுக்கொள்கின்றனர். ஆயின் அம்மருந்தை நிறுத்தியவுடன், தணிந்திருந்த மணி முன்னைவிட உரத்து அடிக்கின்றது. பழக்கத்தை விட்ட முதல் நாட்களில் நேரும் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, காரணமற்ற பீதி ஆகியன, துப்பாக்கிச் சூட்டைக் கண்டவன் அனுபவிக்கும் பீதியோடு ஒத்திருப்பவை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது, அவன் முன்னைய வழிக்குத் திரும்புகின்றான். வெளியே நிற்கும் நாம் அதனை மனவுறுதியின்மை என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

அவ்வாறு திரும்புதல் எளிதில் உயிராபத்தாக முடியும். சில மாதங்கள் போதையை விலக்கியிருந்த உடல், முன்னர் தாங்கிய அளவைத் தாங்குந் திறனை இழந்துவிடுகின்றது. பழைய அளவையே மறுபடி எடுத்துக்கொள்பவன் மூச்சடங்கி மாள்கின்றான். ஆகவே மீட்சியின் வழியில் நிற்பவனுக்கு ஓர் இரவிற் கேட்கும் வெடியொலி, எவரையும் தீண்டாத வெடியொலியாயினும், கேடற்றதென்று கூறவியலாது.

சுடப்பட்டுப் பிழைத்தவனின் இடர் இன்னும் சிக்கலானது. வைத்தியசாலையில் அவனுக்கு வலிதீர்ப்பதற்கு அபின்வகை மருந்தே கொடுக்கப்படுதல் வழக்கம். எலும்பில் துளைத்த குண்டின் வேதனை நெடுநாள் நிற்கும். போதையை விட்டவன் அம்மருந்தை ஏற்பின் பழைய பசி விழிக்குமோ என்று அஞ்சுகின்றான். மறுப்பின் வேதனை அவனைத் தெருவுக்கே துரத்துகின்றது. தன் பழைய பழக்கத்தை வைத்தியரிடம் சொன்னால் மருந்தே கிடையாதோ என்று மறைக்கின்றான். காயத்துக்குச் சிகிச்சை செய்பவர் போதையைப் பற்றியும், போதைக்குச் சிகிச்சை செய்பவர் காயத்தைப் பற்றியும் கேட்டறிந்தாலன்றி, இடையில் நிற்கும் இவனுக்குக் கதி இல்லை.

சிகிச்சைக்குச் செல்லும் வழியும் ஒரு சோதனையாகும். நியூ யோர்க் நகரில் வின்சென்ட் டோல், மரி நைஸ்வாண்டர் என்னும் வைத்தியர் இருவரும் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டோருக்கு மெதடோன் என்னும் மருந்தை ஒழுங்காகக் கொடுத்துப் பயன்கண்டு, 1965 ஆம் ஆண்டில் தமது முதலாவது அறிக்கையை வெளியிட்டனர். ஒரு முறை உட்கொண்டால் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அம்மருந்து தாங்கும். மறுநாள் மறுபடி வேண்டும். அமெரிக்காவின் விதிகள் அதனை நாள்தோறும் மருந்தகத்துக்கு நேரிற் சென்று பெறுமாறு பெரும்பாலானோரை நெடுங்காலம் கட்டாயப்படுத்தின. அம்மருந்தகங்களோ பெரும்பாலும் வறிய பகுதிகளில் உள்ளன. நேற்றிரவு துப்பாக்கிச் சூடு நடந்த சந்தியைக் கடந்து, தனக்கு முன்னர் போதைவஸ்து விற்றவன் நிற்கும் மூலையைக் கடந்து, விடியற்காலையிலே ஒருவன் மருந்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அச்சத்தினால் இரண்டு நாள் தவறினால் உடல் நடுங்கத் தொடங்கும். 2020 ஆம் ஆண்டில், கொள்ளைநோயின் காரணமாக, நிலைபெற்ற நோயாளர் 28 நாள் வரைக்குரிய மருந்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இடமளிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் அத்தளர்வு நிரந்தர விதியாக்கப்பட்டது. நோய்த்தொற்றுக்காகச் செய்த இம்மாற்றம், வீதியின் அபாயத்தினின்றும் பலரைக் காத்திருத்தல் கூடும்.

இடம் மனிதனை எவ்வளவு ஆள்கின்றது என்பதற்கு வியட்நாம் யுத்தத்தினின்று திரும்பிய அமெரிக்கப் படைவீரரின் வரலாறு சான்றாகும். லீ ரொபின்ஸ் என்னும் பெண் அறிஞர், 1971 ஆம் ஆண்டில் நாடு திரும்பிய வீரரை ஆராய்ந்தார். ஐவரில் ஒருவர் வியட்நாமில் ஹெரோயின் போன்றவற்றுக்குத் தாம் அடிமைப்பட்டிருந்ததாகக் கூறினர். அவர்கள் தாயகம் வந்த முதலாண்டினுள் மறுபடி அடிமைப்பட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே. இதற்குக் காரணங்கள் பலவாயினும், மலிவான ஹெரோயினும் யுத்தச் சூழலும் பின்னே நின்றுவிட்டமை அவற்றுட் பெரியதொன்று. இப்பொழுது நகரத்துச் சிகிச்சை நிலையத்தினின்று வெளியேறுபவனை நினைத்துப் பாருங்கள். அவன் கடலைக் கடந்து வேறு நாட்டுக்குச் செல்வதில்லை. 30 நாள் அல்லது 90 நாள் கழிந்ததும், எந்தத் தெருவில் நோயுற்றானோ அந்தத் தெருவுக்கே பேருந்தேறித் திரும்புகின்றான். அவனைப் பொறுத்தவரையில் யுத்தகளமும் வீடும் ஒன்றே.

இதுவரை பிறர் துப்பாக்கியைப் பற்றிப் பேசினேன். தன் கையிலுள்ள துப்பாக்கியைப் பற்றியும் பேசுதல் வேண்டும். மீட்சிக் காலத்தில் வெட்கமும் தனிமையும் சூழ்ந்து, உயிரை வெறுக்கும் எண்ணம் சிலருக்கு எழும். அவ்வெண்ணம் பெரும்பாலும் அலைபோன்றது, வந்து தணிவது. உயிர்மாய்க்க முயன்று பிழைத்தோரிற் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை. ஆனால் அந்த நாழிகையிலே துப்பாக்கி கைக்கெட்டியதாயின், பத்திற்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. ஆகவே அத்தகையோர் வாழும் வீட்டினின்று துப்பாக்கியைச் சிறிது காலம் அகற்றிவைத்தலும் உயிர்காக்கும் சிகிச்சையேயாகும்.

இங்கே சட்டம் எதிர்பாராத தடையொன்றை உண்டாக்கியது. 1968 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், தடைசெய்யப்பட்ட போதைவஸ்துவைப் பாவிப்போரும் அதற்கு அடிமைப்பட்டோரும் துப்பாக்கி வைத்திருத்தலைக் குற்றமாக்கிற்று. நோக்கம் நன்று. ஆனால் சிகிச்சைக்கு வந்தவனிடம், ‘உமது வீட்டிலே துப்பாக்கி உண்டா?’ என்று கேட்டால், அவன் உண்மை கூறத் துணிவானா? சிகிச்சைக் குறிப்புகளின் இரகசியத்தைக் காக்க 1970 களிலிருந்தே தனிச்சட்டம் உண்டு. அதனை நோயாளனுக்கு எடுத்துச் சொல்லி, தண்டிக்கும் குரலில் அன்றிக் காக்கும் குரலிற் கேட்பவரே உண்மை விடையைப் பெறுகின்றார். கேள்வியைக் கேட்டல் வேண்டும் என்பதோடு, அதனை எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

இவ்வளவு இருளினிடையே ஒளியும் உண்டு. கலிபோர்ணியாவின் ஒக்லண்ட் நகரிலே, துப்பாக்கிச் சூட்டினாற் கால்கள் செயலிழந்த ஷேர்மன் ஸ்பியர்ஸ் என்னும் இளைஞர், தம்மைப் போலச் சுடப்பட்டு வைத்தியசாலையிற் கிடக்கும் இளைஞரின் கட்டிலருகே சென்று பேசத் தொடங்கினார். 1994 ஆம் ஆண்டில் அது ஒழுங்கான திட்டமாயிற்று. பழிவாங்கப் போகாதே என்று கூறுவதோடு நில்லாமல், தங்குமிடம், தொழில், போதைப்பழக்கத்துக்கான சிகிச்சை ஆகியவற்றுக்கும் வழிகாட்டும் இத்தகைய திட்டங்கள் பின்னர் பல நகரங்களிற் பரவின. பால்ட்டிமோர் நகரத்தின் சத்திரசிகிச்சை நிபுணர் கார்னெல் கூப்பர், தாம் காயம் தைத்து அனுப்பிய அதே இளைஞர் புதுக்காயத்தோடு மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு மனங்கலங்கி, 1998 ஆம் ஆண்டில் அத்தகைய திட்டமொன்றை ஆரம்பித்தார். குண்டை எடுத்துவிட்டால் மட்டும் நோயாளன் குணமடைந்தவனாகான் என்பதை அவர் தமது கத்தியின் முனையிலேயே கற்றார்.

போதைச் சிகிச்சையின் பக்கத்திலிருந்து லீசா நஜாவிட்ஸ் என்னும் உளவியலறிஞர் வழியமைத்தார். முதலிற் போதையை விடு, மனவடுவைப் பின்னர் பார்ப்போம் என்பதே அதுவரை வழக்கமான முறை. அவர் இரண்டுக்கும் ஒருங்கே சிகிச்சை செய்யும் முறையை 1990 களில் உருவாக்கி, 2002 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அம்முறை நோயாளனைக் கொடிய நினைவுகளை விவரிக்குமாறு வற்புறுத்துவதில்லை. இன்றிரவு எங்கே உறங்குவாய், யாரோடு சேர்வாய், அச்சம் எழும்போது மனத்தை எவ்வாறு நிலைநிறுத்துவாய் என்று, பாதுகாப்பையே முதற்பாடமாக வைக்கின்றது.

சுற்றாடலையும் திருத்தலாம் என்பதற்குப் பிலடெல்பியாவே சான்று. சார்ள்ஸ் பிரானஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அந்நகரிற் கைவிடப்பட்டுக் கிடந்த 541 வெற்றுக் காணிகளை எடுத்துக்கொண்டனர். சிலவற்றிற் குப்பையை அகற்றி, புல்லும் சில மரங்களும் நாட்டி, தாழ்ந்த மரவேலி அமைத்தனர்; சிலவற்றை முன்போலவே விட்டனர். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்ட அயல்களில், திருத்தப்பட்ட காணிகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை நூற்றுக்கு 29 பங்கு குறைந்தது. பற்றைக்குள் துப்பாக்கியை ஒளித்துவைக்க இடமில்லை. மாலையில் அயலார் வெளியே வந்து அமர்கின்றனர். ஒரு புல்வெளியும் மருந்தாகலாம்.

இனி நம்மிடம் திரும்புவோம். அமெரிக்காவின் துப்பாக்கி வேறு. நமது துப்பாக்கி வேறு. நமது நாட்டில் அதனை எளிதிற் கடையில் வாங்கவியலாது. ஆயினும் முப்பதாண்டு அளவாக நீடித்த போர், 2009 ஆம் ஆண்டில் முடிவடையும்வரை, வடக்கிலும் கிழக்கிலும் பிறந்த ஒரு தலைமுறையின் செவியில் அவ்வொலியை நிறைத்துவிட்டது. யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் மக்கள் மனத்தில் விளைந்த வடுக்களைப் பற்றி 1998 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் நூலெழுதினார். போருக்குப் பின்னரும், தனிமனிதனின் காயம் சமூகத்தின் காயமாவதை எடுத்துக்காட்டினார். தெற்கிலோ, போதைவஸ்துக் கும்பல்களிடையே நிகழும் துப்பாக்கிச் சூடுகள் அயலாரை அச்சுறுத்துகின்றன. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதை நேயர்கள் அறிவீர்கள். இவ்விரு வகை ஒலிகளையும் கேட்டவர்கள் நமது சிகிச்சை நிலையங்களின் வாயிலில் நிற்கின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றார்கள்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. சிகிச்சை நிலையத்தின் முதல்நாட் படிவத்தில் ஒரு வரி சேர்த்தாற் போதும்: துப்பாக்கியினால் உமக்கோ உம்மவருக்கோ நேர்ந்தது ஏதும் உண்டா? விடை கூற விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம், பின்னொருநாள் கூறுவார். வீடு திரும்புமுன், எந்த ஒலி, எந்த இடம், எந்த நாள் உம்மைக் கலக்குகின்றது என்று கேட்டறிந்து, அந்நாளில் துணையிருக்க ஒருவரை நியமித்தல் வேண்டும். அயலாரும் உறவினரும், மறுபடி விழுந்தவனை நோக்கி ‘இவன் திருந்தான்’ என்று கூறுமுன், எந்த ஒலி அவனைத் தள்ளியது என்று ஒருகணம் எண்ணுதல் வேண்டும்.

நான் தொடங்கிய கதையை முடிக்காமல் விடலாகாது. மறு ஆண்டு எங்கள் பாடசாலையிற் கைத்துப்பாக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு, விசிலும் வெள்ளைக் கொடியும் கொண்டு ஓட்டங்களைத் தொடக்கிவைத்தோம். அதனால் எந்தப் பிள்ளையின் ஓட்டமும் தாமதமாகவில்லை. அந்தத் தந்தையிடம் முன்கூட்டியே சென்று, இவ்வாண்டு வெடி இல்லை என்று கூறினேன். முன்னைய ஆண்டு பேசிய பேச்சுக்கு வருத்தமும் தெரிவித்தேன். அவர் வந்தார். வேலியோரத்திலே கடைசி மனிதராக நின்றார். அவர் முற்றாகக் குடியை விட்டுவிட்டார் என்று நான் கூறுவதற்கில்லை. இடையிடையே விழுந்து எழுந்தே நடந்தார். ஆனால் அன்று மகள் மூன்றாவதாக வந்ததை அவர் தம் கண்ணாற் கண்டார். மைதானம் வெறுமையாகும்வரை நின்றுவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குச் சென்றார்.